பரண் மேல் வைத்த மஞ்சள் பெட்டி

நைனா,

போனில் சொல்லாமல் எதற்குக் கடுதாசி என்று கேட்பாய். போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் "ஆங், ஆங், சரிம்மா, சிக்னல் இல்ல, வச்சிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். நான் புத்தி சொல்ல ஆரம்பித்தால் சின்ன வயசிலேயே தெருவுக்கு ஓடுகிறவன் நீ. கடுதாசி என்றால் ஓடிப் போனாலும் திரும்பி வந்து படித்துத்தான் ஆகவேண்டும். அஞ்சாவது வரைக்கும் படித்தவள் எழுதுவது. கோணல் இருக்கும், தப்பு இருக்கும், பொறுத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தது, இன்று புதன்கிழமை. கொஞ்சம் எழுதுவேன், கை ஓய்ந்துபோகும், படுத்துவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் பெண்சாதி போன் பண்ணினாள். "அத்தே, புது எஞ்சின் வந்துடுச்சு. வர்ற திங்கக்கிழமை படகை இறக்கறாரு" என்றாள். நல்ல சேதியைச் சொல்கிறவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஏன் சொல்கிறாள் என்று நினைத்து, "ஏன்டி சுமதி, இத்தினி மாசம் கரையில ஒர்க்‌ஷாப்புல கெடந்தான், இப்ப சொந்த எஞ்சின்ல போறான். சந்தோசம்தானே?" என்றேன். "அந்த மஞ்சப் பொட்டியப் பரண் மேல போட்டுட்டாரு அத்தே. அதுமேல என் கல்யாண அண்டாவக் கவுத்து வச்சிருக்காரு. எடுத்துகினு போங்கன்னா, அது எதுக்குன்றாரு. நேத்து நானும் உடல, சண்டை போட்டேன். கடைசில சொல்றாரு, எங்கம்மாவுக்கு அது புடிக்காதுன்னு." அதற்கு மேல் அவள் சொன்னதைப் பின்னால் எழுதுகிறேன். அதைக் கேட்டதில் இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தப் பெட்டியை முதலில் பார்த்தபோது எனக்கு அது என்னவென்றே தெரியாது. கடலே எனக்குத் தெரியாது. நம் திருத்தணியில் தண்ணீர் என்றால் குளமும் குழாயும்தான். கரும்பு லாரிக்கு டீசல் எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்தவன் நீ, படகு எஞ்சின் ரிப்பேருக்கு என்று பழவேற்காட்டுப் பக்கம் போனாய். போனவன் எஞ்சினோடு படகுக்காரர் மகளையும் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்தாய். உன் மாமனாருக்கு ஆண் பிள்ளை இல்லை. நீயே அவருக்குத் துணையாகக் கடலுக்குப் போக ஆரம்பித்தாய். சாதி சனம் எல்லாம் "மலையடிவாரத்துப் பையனுக்கு என்னாத்துக்கு இந்த வேலை"ன்னு கேட்டது. "என் புள்ள எங்க வுட்டாலும் பொழைப்பான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போன ஆடியில் நீங்கள் குடும்பத்தோடு கிருத்திகைக்கு வந்தீர்கள். வரும்போது அந்தப் பெட்டியைத் துணியில் சுற்றி எடுத்து வந்தாய். புது எஞ்சின், புது மோட்டார், புது வண்டி எது வாங்கினாலும் முதலில் நம் மலை முருகன் காலடியில் வைத்து எடுத்துவராமல் தொடமாட்டோம் இல்லையா, அந்த வழக்கப்படி எடுத்துவந்தாய். அன்று உன் மகள் வள்ளிதான் எனக்குப் பாடம் நடத்தினாள். "ஆயா, இது பீக்கன். படகு கவுந்துட்டா, எஞ்சின் நின்னுட்டா, இதோ இந்த மூடியத் தொறந்து அமுக்கினா மேல சேட்டிலைட்டுக்குப் போயிடும். அங்கேர்ந்து கோஸ்ட் கார்டு ஆபீசுக்குப் போயிடும். எந்த எடத்துல இருக்கோம்னு அவங்களுக்குத் தெரிஞ்சிடும்." அப்போ படகில் இருக்கிற ஒயர்லெஸ் எதுக்கு என்று கேட்டேன். "அது பக்கத்துல இருக்கற படகுக்கும் கரைக்கும்தான் கேக்கும் ஆயா. தூரம் போயிட்டா கேக்காது. அதுல பதினாறாம் சேனல்ல வச்சு, படகு பேரு, எங்க இருக்கோம், என்ன ஆச்சு, எத்தன பேருன்னு சொல்லணும்." பத்து வயசுப் பெண், வாய்ப்பாடு மாதிரி சொன்னாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நீயும் ஒன்று சொன்னாய். "யம்மா, அதை ஸ்டாண்டுல இருந்து கழட்டாத, ஈரம் படாம பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாய். காதில் விழுந்தது, மனசில் வாங்கவில்லை. கடலில் போகிற சாமானுக்குத் தண்ணீர் பட்டால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். குளிப்பாட்டாமல் எந்தச் சாமானை சாமி முன்னால் வைப்பது? ஸ்டாண்டில் இருந்து கழற்றி, பித்தளை அடுக்கில் மஞ்சள் தண்ணீர் கரைத்து அதில் நிற்க வைத்து, நன்றாகக் கழுவினேன். அதற்குப் பக்கத்துக்கு ஒன்றாக ரெண்டு ஆணி மின்னிக்கொண்டிருந்தது. எனக்கு அது கண் மாதிரித் தெரிந்தது. ரெண்டு கண்ணுக்கும் நடுவில் சேர்த்துச் சந்தனத்தைக் குழைத்து அப்பி, குங்குமம் வைத்து, ஈர மல்லிகைச் சரத்தைச் சுற்றினேன். தட்டில் வைத்துக்கொண்டு படி ஏறினேன்.

முதல் மண்டபம் தாண்டும்போதே அது மினுக்கு மினுக்கென்று மின்ன ஆரம்பித்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. காவடி எடுத்து வந்த ஒரு அம்மா, "இன்னாங்க இது, சாமி வெளக்கா?" என்று தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. நாலு பேர் அரோகரா போட்டார்கள். நானும் என்னவோ கொடுத்துவைத்தவள் மாதிரித் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஏறினேன். பின்னால் வந்த உனக்குப் போன் வந்தது. அரோகரா சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு நீ கத்தினது எனக்கு இப்பவும் கேட்கிறது. "படகா சார்? படகு கரையிலதான் சார் இருக்குது. யாரும் போவல சார். நானா? நான் திருத்தணி மலை மேல இருக்கேன் சார்." அப்புறம் நிமிர்ந்து என் தலைக்கு மேல் பார்த்தாய்.

நீ ஓடிவந்து பூவைப் பிய்த்து, சந்தனத்தைச் சட்டையில் துடைத்து அதை அணைத்தாய். காவடி அம்மா, "ஏம்பா, சாமி வெளக்க எவனாச்சும் அணைப்பானா? வெளங்குவியா நீ?" என்று உன்னைத் திட்டினாள். ஸ்டாண்டில் இருந்து கழற்றின பெட்டியில் அந்த ரெண்டு ஆணிக்கும் தண்ணீர் பட்டால் படகு மூழ்கிவிட்டது என்று நினைத்துத் தானாகவே அலறுமாம். நீ போனில் "சாரி சார், அம்மா தெரியாம, சாரி சார்" என்று எத்தனை தடவை சொன்னாய் என்று நான் எண்ணவில்லை. குனிந்து குனிந்து சொன்னாய். அந்த ஆள் எதிரில் நிற்கிற மாதிரி.

அன்று நீ என்னைத் திட்டியிருந்தால் தேவலை. நீ சிரித்தாய். சுமதி சிரித்தாள். உன் மாமனார், "சம்மந்தியம்மா மலை மேலயே படகு வுட்டாங்க" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு மட்டும் சிரிக்க வரவில்லை. என் பிள்ளை யாரோ ஒரு ஆபீசரிடம் குனிந்ததை என்னால் தாங்க முடியவில்லை. ஒருத்தன் கையை எதிர்பார்க்காமல் களை எடுத்து, கரும்பு கட்டி உன்னை ஆளாக்கினவள் நான். படி இறங்கும்போது உன் கையைப் பிடித்து நிறுத்தி ஒன்று சொன்னேன். உனக்கும் நினைவிருக்கும். "இன்னிக்குப் பட்ட அவமானம் போதும். உசுரே போனாலும் இனிமே அத்த அமுக்கி எவனையும் கூப்புடாத. உன் கை காலு இருக்குது, நீந்தி வா." நீ "ஆங், சரிம்மா" என்றாய்.

எல்லாவற்றுக்கும் நீ சொல்கிற அதே "ஆங், சரிம்மா"தானே என்று இருந்துவிட்டேன்.

ஆவணியில் நீயும் உன் மாமனாரும் போன படகு திரும்பவில்லை. எஞ்சின் இறுகிப்போய் நின்றுவிட்டது, நீரோட்டம் வடக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டது, ஒயர்லெசில் கூப்பிட்டுக் கூப்பிட்டு பேட்டரி தீர்ந்துபோனது, மூணாம் நாள் ஆந்திரா படகுக்காரர்கள் பார்த்துக் கட்டி இழுத்து வந்தார்கள், நீ தெலுங்கில் பேசியதைக் கேட்டு அவர்கள் "மன வாடே", நம்ம ஆளுதான்னு சொல்லிச் சோறு போட்டார்கள். இவ்வளவும் நீ சொன்னாய். "அந்தப் பொட்டி என்ன ஆச்சு?" என்று கேட்டேன். "அது வேல செய்யல" என்றாய். நான் குளிப்பாட்டினதில்தான் கெட்டுப்போய்விட்டது என்று எத்தனை மாசம் உள்ளுக்குள் அழுதிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமைதான் சுமதி சொன்னாள். குடிக்கிற தண்ணீரும் தீர்ந்துபோன ரெண்டாம் நாள் சாயங்காலம் உன் மாமனார், "அமுக்கு மாப்ளே, எனக்குக் கண்ண இருட்டுது" என்று கெஞ்சினாராம். நீ மூடியைத் திறந்து கட்டைவிரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாயாம். அப்புறம் மூடிவிட்டாயாம். "வேணாம் மாமா. மறுபடியும் எதுனா தப்பாயிடுச்சுன்னா அம்மா தாங்க மாட்டாங்க. காலையில எதுனா படகு வரும்" என்றாயாம். அந்தக் கிழவர் ஆறு மாசமாக இதைத் தன் மகளிடம்கூடச் சொல்லவில்லை. சனிக்கிழமை சண்டையில்தான் வாய்விட்டிருக்கிறார்.

பெட்டி நல்லபடியாகத்தான் இருந்திருக்கிறது. என் பேச்சுதான் அதை அமுக்கவிடவில்லை.

இது ஆடியில் ஆரம்பித்ததும் இல்லை, நைனா. உனக்கு ஒன்பது வயசு இருக்கும். திருவாலங்காட்டுக் கரும்புக் கொல்லையில் நான் களை எடுத்துக்கொண்டிருந்தேன். நீ கிணற்றில் வழுக்கி விழுந்து, மோட்டார் பைப்பைக் கட்டிக்கொண்டு தொங்கியிருக்கிறாய். சாப்பாட்டு வேளைக்கு உன்னைத் தேடி எட்டிப் பார்த்தால் உதடு நீலம் பாரித்து, என்னைப் பார்த்துக்கொண்டு தொங்குகிறாய். கூப்பிடு தூரத்தில் பன்னெண்டு பேர் வேலை செய்தோம். மேலே தூக்கிப் போட்டுவிட்டு, "ஏன்டா கத்தல?" என்றேன். பல் கிட்டித்துக்கொண்டு சொன்னாய்: "நீதானேம்மா கத்தி ஊரக் கூட்டக் கூடாதுன்ன." உங்கப்பா போன புதுசு அது. நீ அழுதால் பங்காளிகள் வருவார்கள், அய்யோ பாவம் என்பார்கள், ரெண்டு படி அரிசியைக் கொடுத்துவிட்டு ஊர் பூராவும் சொல்வார்கள் என்று உன் வாயைப் பொத்திப் பொத்தி வளர்த்தேன். அன்றைக்காவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? "என் புள்ள கெணத்துல தொங்கனான், ஒரு சத்தம் போடல பாரு" என்று களை எடுக்கிறவர்களிடம் பீற்றிக்கொண்டேன். உனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில்கூடச் சொன்னேன். உன் மாமனார் மட்டும், "கடல்ல சத்தம் போடணும் சம்மந்தியம்மா" என்றார். அவருக்கு நம் பெருமை புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

முந்தாநாள் திங்கட்கிழமை நான் ஒரு காரியம் செய்தேன். சுமதியிடம் அந்த ஆபீஸ் நம்பரை வாங்கிப் போன் போட்டேன். யாரோ ஒரு தம்பி எடுத்தார். "திருத்தணியிலேர்ந்து பேசறேங்க. ஆடிக் கிருத்திகையன்னிக்கு..." என்பதற்குள்ளேயே, "மலை மேல பீக்கன் அடிச்சாங்களே, அந்த அம்மாவா?" என்றார். "ஆங், நான்தாங்க." "இங்க இன்னும் அதச் சொல்லிச் சிரிப்போம்மா. மேப்புல பாத்துட்டு எங்க பெரியவரு மெஷினே கெட்டுப்போச்சுன்னுட்டாரு." எனக்குக் காது சூடேறியது. வைத்துவிடலாமா என்று பார்த்தேன். வைக்கவில்லை. "தப்பா அடிச்சா திட்டுவீங்களா தம்பி? கேசு போடுவீங்களா?" என்றேன். "தெரியாம அடிச்சதுக்கு யாரும்மா கேசு போடுவா? உடனே போன் பண்ணி, தப்பா அடிச்சிடுச்சு சார்னு சொல்லிட்டாப் போதும். சொல்லாம அணைச்சுட்டு இருந்தாத்தான் நாங்க படகு எடுத்துகினு அலையணும்" என்றார்.

அப்புறம் அவரே கேட்டார். "ஆவணியில உங்க பையன் படகுதானேம்மா காணாமப் போச்சு? நானும் போயிருந்தேன் தேட. அவ்வளவு பெரிய தண்ணில எந்தப் பக்கம்னு தேடறது? நாங்க தெக்கேயும் கெழக்கேயும் சுத்திகினு இருந்தோம், அவங்க வடக்கே போயிட்டாங்க. அது அடிச்சிருந்தா அன்னிக்கே எடுத்திருப்போம். பேட்டரி போயிடுச்சாம்மா?" நான் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது. "இல்லங்க தம்பி. அடிக்க வேணான்னு நான்தான் சொல்லி வச்சிருந்தேன்" என்றேன். அவருக்குப் பின்னால் யாரோ டீ குடிக்கக் கூப்பிட்டார்கள். "இப்ப சொல்லிடுங்கம்மா" என்றார். அவ்வளவுதான்.

அதனால் சொல்கிறேன். அண்டாவை இறக்கிவிட்டு அந்தப் பெட்டியை எடு. ஆபீசில் காட்டி பேட்டரி நன்றாக இருக்கிறதா என்று பார்த்து, படகில் கை எட்டுகிற இடத்தில் மாட்டு. ஐஸ் பெட்டிக்கு அடியில் திணிக்காதே. ஒயர்லெசை முதல் நாளே சார்ஜ் போட்டு, பாலித்தீன் பையில் போட்டுக் கட்டு. பதினாறில் கண்ட கதையும் பேசி பேட்டரியைத் தீர்க்காதே. எந்தப் பக்கம் போகிறாய், எப்போது திரும்புவாய் என்று சுமதியிடம் சொல்லிவிட்டுப் போ. உன் மாமனார் அமுக்கச் சொன்னால் அமுக்கு. அவர் சொல்லாவிட்டாலும் உனக்குப் பயமாக இருந்தால் அமுக்கு. தப்பாகப் போய் நாலு பேர் சிரித்தால் சிரிக்கட்டும். படி இறங்கும்போது நான் சொன்னதை நான் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

இதையெல்லாம் எழுதிவிட்டு நேற்று படுத்துக்கொண்டு யோசித்தேன். நீ கேட்கமாட்டாய். வாயால் சொல்வதை நீ எந்தக் காலத்தில் கேட்டாய்? நான் எப்படி நடந்தேனோ அதைப் பார்த்துத்தானே நடந்தாய். அப்படியானால் நான் உன்னிடம் மறைத்ததையும் எழுதியாக வேண்டும்.

இருபது நாளுக்கு முன்னால் ஒருநாள் மத்தியானம் எனக்குப் போன் பண்ணினாய், நினைவிருக்கிறதா? சாப்பிட்டாயா என்று கேட்டாய். ஆயிற்று என்றேன். "என்னாம்மா தண்ணி சத்தம் கேக்குது?" என்றாய். "தண்ணி புடிச்சிகினு இருக்கேன்" என்றேன். நான் தண்ணீர் பிடிக்கவில்லை, நைனா. காலையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்து, இடுப்பை அசைக்க முடியாமல் அங்கேயே கிடந்தேன். மூடாத குழாய் தலைமாட்டில் கொட்டிக்கொண்டிருந்தது. போன் இடுப்பில்தான் இருந்தது. பக்கத்து வீட்டு தேவகி பேரைச் சொல்லி ஒரு சத்தம் போட்டிருந்தால் ஓடி வந்திருப்பாள். போடவில்லை. நீ கூப்பிட்டபோதுகூட ஈரத்தில் படுத்துக்கொண்டே நல்லா இருக்கிறேன் என்றேன். வெயில் சாய்ந்தபிறகு கையை ஊன்றித் தவழ்ந்து உள்ளே வந்தேன். அன்றில் இருந்து குந்த முடியவில்லை. சோற்றுப் பானையைத் தூக்க முடியவில்லை. ராகிக் கூழைக் காய்ச்சி ரெண்டு நாளைக்கு வைத்துக்கொள்கிறேன். போனில் கேட்கிறபோதெல்லாம் சோறு, குழம்பு என்று ஏதோ ஒன்று சொல்கிறேன்.

இன்று காலையில் தேவகியைக் கூப்பிட்டேன். சுவரைத் தட்டித்தான் கூப்பிட்டேன், வாயில் சத்தம் வரவில்லை. வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "இருவது நாளாவா? நடுவுல ஒரு செவுரு, ஏன்க்கா இப்படிச் செய்ற, நாங்கல்லாம் செத்தாப் போயிட்டோம்?" என்று கத்தினாள். திட்டிக்கொண்டே வெந்நீர் போட்டுக் குளிப்பாட்டினாள். கூச்சமாகத்தான் இருந்தது. அவள் கையைத் தட்டிவிடவில்லை. இந்தக் கடுதாசியை அவள்தான் பக்கம் பக்கமாகப் போட்டோ பிடித்து உன் போனுக்கு அனுப்பப் போகிறாள்.

ஆஸ்பத்திரிக்கு அவளே கூட்டிப்போகிறேன் என்றாள். வேண்டாம், என் பிள்ளை வருவான் என்று சொல்லியிருக்கிறேன்.

நீ படகை இறக்குகிற திங்கட்கிழமைக்கு இன்னும் அஞ்சு நாள் இருக்கிறது. எனக்கு எலும்பு விட்டிருக்கிறதோ என்னவோ தெரியவில்லை, வலி தாங்க முடியவில்லை. ராத்திரி தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது. இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொல்லாத வார்த்தை, எழுதும்போதே பேனா நிற்கிறது. எனக்கு முடியல, நைனா. வந்து என்னைத் தூக்கிகினு போ.